குலமும் கவியும்: சறே பிரபு பற்றிய ஒரு மதிப்பீடு

புலவன் ஒருவனை அவன் பிறந்த குடியைக் கொண்டு மதிப்பதா, அன்றிப் பாடிய பாட்டைக் கொண்டு மதிப்பதா? சறே பிரபுவாகிய ஹென்றி ஹவாட்டை ஆராயுமிடத்து இவ்வினா தவிர்க்கவொண்ணாது எழுகின்றது.

ஹவாட் குடியின் ஏற்றமும் வீழ்ச்சியும் தியூடர் காலத்து அரசியலோடு பின்னிக் கிடப்பன. 1483 இல் மூன்றாம் றிச்சேட் மன்னனால் நோபோக் கோமகனாக உயர்த்தப்பட்ட ஜோன் ஹவாட், 1485 இல் பொஸ்வேத் களத்தில் அம்மன்னனுக்காகவே மடிந்தான். இழந்த கோமகன் பட்டம், 1513 இல் புளொடன் களத்தில் ஸ்கொத்லாந்துப் படையை முறியடித்த பின்னரே அவன் மகன் தோமசுக்கு மீண்டது. அத்தோமசின் பேரனே சறே. எட்டாம் ஹென்றி மணந்து, பின் கொலைத் தண்டனைக்கு உள்ளாக்கிய அரசியர் இருவருள் ஆன் பொலின் சறேயின் அத்தை மகள். கதரின் ஹவாட் அவன் சிற்றப்பன் மகள்.

முன்னவள் 1536 இலும் பின்னவள் 1542 இலும் மாண்டமை கண்டும் சறேயின் குலச்செருக்கு அடங்கவில்லை. பழைய மன்னன் எட்வேட்டின் இலச்சினையைத் தன் குலச் சின்னத்திற் சேர்த்தான் என்பதே அவன்மீது சாட்டப்பட்ட குற்றம். அது அரியணைக்கு உரிமை கோருவதாகக் கொள்ளப்பட்டது. 1547 சனவரி 19 இல் அவன் தலை துணிக்கப்பட்டது. ஒன்பது நாள் கழிந்து மன்னன் இறந்தமையால் தந்தை உயிர் தப்பினான்.

1557 இல் றிச்சேட் தொற்றெல் வெளியிட்ட பாடற்றொகையின் முகப்பிற் சறேயின் பெயரே பொறிக்கப்பட்டது. அத்தொகையில் அவன் பாடல்களினும் இரு மடங்குக்கு மேற்பட்ட பாடல்களுக்கு உரியவர் தோமஸ் வையற். அவரோ 'பிறர்' என்னும் சொல்லுள் அடங்கினார். இது குலத்துக்கு அளித்த வரிசையேயன்றிக் கவிக்கு அளித்த வரிசையன்று என்க.

அதுபற்றிச் சறேயைத் தாழ்த்துதலும் முறையன்று. வையற்றின் ஓசை கரடுமுரடாயினும் உணர்ச்சி வேகமுடையது. சறேயின் ஓசை சீரியது, ஆயின் சிற்சில இடங்களில் அவ்வொழுக்கே உணர்ச்சியின் மென்மையை மறைக்கும் திரையாகின்றது. எனினும் அவன் அளித்த கொடைகள் இரண்டு மறுக்கவொண்ணாதவை. மூன்று நாலடிகளும் ஈற்றில் ஓர் ஈரடியுமாக அவன் அமைத்த பதினான்கடிப் பாடலையே பின்னர் ஷேக்ஸ்பியர் கையாண்டார். வேர்ஜிலின் ஈனீட் காவியத்து இரண்டாம், நான்காம் காண்டங்களை மொழிபெயர்க்குங்கால், இறுதி இயைபு நீங்கிய ஐஞ்சீரடியை ஆங்கிலத்துக்கு முதன்முதல் வழங்கியவனும் அவனே. அவ்வடி இன்றேல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களும் மில்ரனின் சுவர்க்க நீக்கமும் நாம் அறியும் வடிவிற் பிறந்திரா.

வையற் 1542 இல் இறந்தபோது சறே பாடிய இரங்கற்பா ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. அதில் அவன் இறந்தாரது தலை, முகம், கை, நா, கண், நெஞ்சு என ஒவ்வோர் உறுப்பாக எடுத்து, அதனதன் அறிவையும் பண்பையும் போற்றுகின்றான், குடிப்பெருமை பேசினானல்லன். தன்னினும் தாழ்ந்த வரிசையினரான ஒருவரை அவர்தம் தகுதி ஒன்றே கொண்டு அளந்தான். வாழ்வில் மரபுச் சின்னத்தைப் பற்றி நின்று மாண்ட பிரபு, பாட்டில் நமக்கு வைத்துச் சென்ற அளவுகோல் அதுவே. அவ்வளவுகோலால் அளப்பினும் சறே புலவனாகவே நிற்பான். முகப்பிற் பொறித்த பட்டம் அவனுக்கு வேண்டுவதன்று.