இரண்டாம் முறை கண்டெடுத்த பிலிம்

யாரோ சிலர் எங்கேயோ போனார்கள், திரும்பி வரவில்லை, அவர்கள் கையிலிருந்த காமிரா மட்டும் அகப்பட்டது, அதில் பதிவாகியிருந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஆரம்பிக்கும் பேய்ப் படங்களை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கதாசிரியன் ஒளிந்துகொள்வதற்கு இது மிகப் பழைய உபாயம். பரண்மேல் கிடந்த டைரி, ரயிலில் யாரோ விட்டுவிட்டுப் போன கையெழுத்துப் பிரதி என்று கதையைத் தொடங்காத நாவலாசிரியர் எங்களில் குறைவு. ஆனால் டைரியை ஒரு தடவைதான் கண்டெடுக்கலாம். அதே பரணில் இரண்டாவது டைரியும் இருந்ததென்றால் வாசகர் சிரித்துவிடுவார்.

இந்தச் சங்கடத்தில் முதலில் நன்றாக மாட்டிக்கொண்டது அமெரிக்காவில் 1999-ல் வெளியான 'பிளேர் விட்ச் புராஜெக்ட்'. மூன்று நடிகர்களிடம் காமிராவைக் கொடுத்து எட்டு நாள் காட்டில் அலையவிட்டார்கள் டேனியல் மிரிக்கும் எடுவார்டோ சான்செஸும். அன்றாடம் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை பிலிம் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, சாப்பாட்டை மட்டும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். படத்தில் சூனியக்காரி ஒரு கணம்கூடத் தென்படுவதில்லை. முடிவில் ஒருவன் சுவரைப் பார்த்துக்கொண்டு மூலையில் நிற்கிறான், அவ்வளவுதான். வசூலோ உலகமெங்கும் 24 கோடி டாலருக்கு மேல்.

மறு வருஷமே, 2000-ல், இரண்டாம் பாகம் வந்தது. ஜோ பெர்லிஞ்சர் என்ற டைரக்டர் கண்டெடுத்த பிலிம் என்ற பாவனையையே விட்டுவிட்டு, முதல் படத்தைப் பார்த்த ரசிகர்கள் அந்த ஊருக்குப் போவதாகக் கதை பண்ணினார். எல்லோரும் திட்டினார்கள். 2016-ல் ஆடம் விங்கார்ட் மறுபடியும் பழைய பாவனைக்கே திரும்பி, காதில் மாட்டும் காமிரா, பறக்கும் காமிரா என்று சாமான்களைப் பெருக்கி, பூதத்தையும் கொஞ்சம் காட்டினார். எனக்கென்னவோ பெர்லிஞ்சரின் தோல்விதான் மரியாதைக்குரியதாகப் படுகிறது. இரண்டாவது டைரி கிடையாது என்பது அந்த மனிதருக்காவது தெரிந்திருந்தது.

நம் தேசத்தில் இதற்கு இணையான ஜோடி ஹிந்தியில் இருக்கிறது. பவன் கிருபளானி டைரக்ட் செய்த 'ராகினி எம்.எம்.எஸ்.' 2011-ல் வந்தது. பூஷண் படேலின் இரண்டாம் பாகம் 2014-ல். முதல் படத்தின் கதை சின்னது. காதலனும் காதலியும் விடுமுறைக்கு ஒரு தனி பங்களாவுக்குப் போகிறார்கள். வீட்டில் அங்கங்கே காமிரா மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. காதலனுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது. பேய் வருவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த இரண்டையும் பற்றி எனக்குச் சரியான விமரிசனம் கிடைத்தது ஆரணிக்கருகில் தேவிகாபுரத்தில். பெரியநாயகி அம்மன் கோயிலைப் பார்க்கப் போனவன், தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டு மருமகள் பட்டதாரி. மாமனாருடன் சேர்ந்து தறியும் நெய்கிறார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் பேச்சு சினிமாவுக்குப் போயிற்று. இரண்டு படங்களையும் போனில் பார்த்திருக்கிறாராம்.

"மொதல் படத்துல பேய் வர்றதுக்கு முன்னாடியே பயம் வந்துடுச்சுங்க ஐயா. அந்த ஆளு காமிராவ எங்கெங்க வெச்சிருக்கான்னு தெரிஞ்சுதே, அப்பவே."

"இரண்டாவது படத்தில்?"

"அதுல பேய்தாங்க வருது."

துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்குள் போனால் முதலில் சுவரையும் கண்ணாடியையும் தடவிப் பார்ப்பது இப்போது தனக்கு வழக்கமாகிவிட்டது என்றும் சொன்னார். மாமியார் உள்ளேயிருந்து, "போதும் போ, ஊடை அறுந்திருக்கு பாரு" என்று குரல் கொடுத்தார்.

அந்தப் பெண் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் படத்தில் காமிரா ஒரு குற்றவாளியின் காமிரா. அதன் வழியாகப் பார்க்கிறோம் என்ற உறுத்தல் பார்க்கிறவரை விடுவதில்லை. டில்லியில் 2004-ல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படம் ஒன்று போனுக்குப் போன் பரவி நாடே பேசிய நாளிலிருந்து, எம்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்துக்கு நம் ஊரில் ஒரு தனி அர்த்தம் வந்துவிட்டது. கிருபளானி அந்தப் பயத்தின்மேல் பேயை ஏற்றி வைத்தார். பேயை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும். அந்தப் பேயும் தான் சூனியக்காரி அல்லவென்று முறையிடுகிற பேய். ஊரார் பழியால் செத்தவள். கட்டிலில் பூட்டப்பட்ட பெண்ணும் அவளும் ஒரே வீட்டில் அகப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இரண்டாவது படத்தில் ஒரு சினிமாக் கம்பெனி அந்த பங்களாவுக்கு வந்து, நடந்ததைப் படமாக எடுக்கிறது. பெர்லிஞ்சர் செய்த மாதிரிதான்; யோசனையில் தவறில்லை. இன்னொருத்தியின் அவமானத்தைக் காசாக்க வந்த டைரக்டரைக் கொண்டு எவ்வளவோ செய்திருக்கலாம். செய்யவில்லை. மறைந்திருந்த காமிரா போய், பளபளப்பான சினிமாக் காமிரா வந்துவிட்டது. கதாநாயகி சன்னி லியோனி. முதல் படம் எதைப் பார்க்கும்போது நம்மைக் கூசச் செய்ததோ, அதையே விளக்குப் போட்டு, பாட்டும் வைத்து, டிக்கெட் வாங்கியவருக்கு விருந்தாகப் பரிமாறுகிறார்கள். போதாததற்கு ஒரு மனோதத்துவ டாக்டரை வரவழைத்து விளக்கமும் தந்தார்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பெண் அறியாமல் அவளை அந்தரங்கத்தில் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி பிரிவு சேர்ந்தது 2013-ல். முதல் தடவைக்கே குறைந்தது ஒரு வருஷம் சிறை. சட்டம் வந்த மறு வருஷம், அதே பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த படத்துக்கு அந்தக் குற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை.

முதல் படம் அப்பழுக்கற்றது என்று சொல்ல வரவில்லை. இடைவேளைக்கு முன்னால் சில காட்சிகள், தாம் கண்டிக்கிற காரியத்தையே கொஞ்சம் ருசித்துக் காட்டுகின்றன. காமிராவின் ஆட்டத்தில் தலைவலியும் வரும். ஆனால் ராகினியாக நடித்த கைனாஸ் மோதிவாலாவுக்காக அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். கைவிலங்கோடு கட்டிலில் கிடந்து, ஓட இடமில்லாமல், குரலாலும் கண்ணாலும் மட்டுமே நெடுநேரம் படத்தைத் தாங்குகிறார். அவர் சாவியைத் தேடுகிற இடத்தில் நான் பேயை மறந்தே போனேன்.