மேஜோட்டுக்கு ஒரு மறு மதிப்புரை

2023-ல் ஒரு பத்திரிகையில் நான் ஒரு மேஜோட்டுக்கு மதிப்புரை எழுதினேன். நாவல் எழுதுகிறவனுக்கு மேஜோட்டைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மலைப்பாதையில் நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் என்றே பின்னப்பட்ட கம்பளி மேஜோடு அது. சிநேகிதர் ஒருவர் வெளியூரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றினேன். வீட்டுக்கு வந்து, காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். 'பாதத்துக்குப் பஞ்சணை' என்று தலைப்பு. பூங்காவின் சிமெண்டுப் பாதையை இமயமலையாகப் பாவித்து எழுதிய அந்தக் கட்டுரையை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டியது என் கடமை.

என் அத்திம்பேர் அடையாறில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. நான் எழுதுவது எல்லாவற்றையும் படிப்பார். நாவல்களைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் படிப்பார். ஆனால் மேஜோட்டு மதிப்புரையை அப்படியே நம்பிவிட்டார். அதே மேஜோட்டில் ஒரு ஜோடி வரவழைத்தார். ஒன்றரை வருஷம் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் அதோடுதான் நடை.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, நாற்பது மலைநடைப் பாதைகளை அறிவித்தது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகளும் அதில் உண்டு. பூண்டி ஏரிக்கு அப்பால், புதர்க் காட்டின் நடுவே, கற்கால மனிதர்கள் ஒதுங்கிய பெரிய பாறை ஒதுக்கிடம் அது. அத்திம்பேருக்கு ஆசை வந்துவிட்டது. 2025 ஜனவரியில் இருவருமாகப் போனோம். அந்தப் பாதையில் ஒரு விசேஷம். பாறையிலிருந்து கழன்று விழுந்த உருண்டைக் கூழாங்கற்கள் வழியெல்லாம் இறைந்து கிடக்கும். காலை வைத்தால் கல் உருளும். கல் உருண்டால் ஜோட்டுக்குள் பாதம் வழுக்கும். ஒவ்வோர் அடியிலும் குதிகால் கொஞ்சம் தேயும்.

அத்திம்பேர் ஒரு முனகல் கூட முனகவில்லை. சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். ராத்திரி வீட்டில் அக்காதான் பார்த்திருக்கிறாள், மேஜோடு குதிகாலோடு ஒட்டிக்கொண்டு கழற்ற வராததை. நெடுநாள் சர்க்கரை கால் நரம்புகளை மரக்கச் செய்துவிடும். கொப்புளம் கிளம்பி, உடைந்து, ரத்தம் கசிந்தது வரை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேஜோடோ கறுஞ்சாம்பல் நிறம், கறையும் தெரியவில்லை. புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. கால் தப்பியது பெரிய காரியம் என்றார் டாக்டர்.

பார்க்கப் போயிருந்தபோது அத்திம்பேர் சிரித்துக்கொண்டே, "நீ எழுதினதை நம்பித்தாண்டா போட்டுண்டேன்" என்றார். அக்கா சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மேஜோட்டை எடுத்தேன். உள்ளே கையை விட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். மேல்பக்கம் புதிது மாதிரி இருந்தது. குதிகாலிலும் கட்டைவிரலுக்குக் கீழேயும் வெளிச்சம் சல்லடை வழியாக வருவது போல வந்தது. ஓட்டை இல்லை, ஆனால் துணியும் இல்லை. கம்பளி தேய்ந்து போய்விட்டது. அதைத் தாங்குவதற்காக உள்ளே சேர்த்திருந்த நைலான் இழை மட்டும் எலும்புக்கூடாக நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் முழு மேஜோடு. அத்திம்பேர் காலில் இருந்ததும் இதுவேதான்.

இனி, அன்று நான் எழுதியிருக்க வேண்டிய விமரிசனம்.

கொப்புளம் வெறும் உராய்வினால் மட்டும் வருவதல்ல. உள்ளே எலும்பு நகர்கிறது; வெளியே தோல் மேஜோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது; நடுவில் உள்ள தோலடுக்குகள் இழுபட்டுப் பிரிகின்றன. ஈரமான தோல் இன்னும் அதிகமாகப் பிடிக்கும். ஆகவே மேஜோட்டின் முதல் வேலை மெத்தென்று இருப்பதல்ல. வேர்வையை ஒழுங்கு செய்வது. இதில் கம்பளி கெட்டிக்காரன். தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும், தொட்டால் ஈரம் தெரியாமல் நடந்துகொள்ளும். பருத்தியும் ஈரத்தை வாங்கும். ஆனால் ஊறிப்போய், தோலோடு ஒட்டி, சீக்கிரம் காயாது. ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி வாங்கும் வெள்ளை மேஜோட்டை நான் பழிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பாண்டி பஜாருக்கும் அது போதும். மலைக்குத்தான் ஆகாது.

இதுவரை நான் அன்று எழுதியதும் சரிதான். எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. கம்பளி நனைந்தால் பலம் குறையும். பருத்தி நனைந்தால் பலம் கூடும். மெரினோ ஆட்டு ரோமம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு மிருது. அவ்வளவு சீக்கிரம் தேயவும் தேயும். குளிர்தேசத்தில் உலர்ந்த காலோடு நடப்பவனுக்கு இது பெரிதாகத் தெரியாது. சென்னையிலோ வருஷத்தில் முக்கால்வாசி நாள் மேஜோடு போட்ட பத்தாவது நிமிஷமே நனைந்துவிடுகிறது. நனைந்த கம்பளியோடு கடற்கரை மணலும் சேர்ந்தால், ஜோட்டுக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதைதான்.

பரீட்சைச் சாலையில் சோதிப்பதில்லையா என்றால், சோதிக்கிறார்கள். 1942-ல் மார்ட்டின்டேல் என்பவர் அமைத்த முறைப்படி, ஒரு யந்திரம் துணியை ஆயிரக்கணக்கான தடவை தேய்த்துப் பார்க்கிறது. பயனுள்ள யந்திரம். ஆனால் அதற்கு வேர்ப்பதில்லை. அதன் கால்விரலில் நகம் வளர்வதில்லை. அதன் வீட்டில் மேஜோட்டை வெந்நீரில் ஊறவைத்துக் கல்லில் அடிப்பவர்களும் இல்லை.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில், ரோம ஆட்சிக் காலத்து எகிப்தில் கிடைத்த சிவப்புக் கம்பளி மேஜோடு ஒன்று இருக்கிறது. பெருவிரல் தனி, மற்ற விரல்கள் தனி என்று பிரித்துப் பின்னியது. ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேலாகியும் உருக்கெடாமல் இருக்கிறது. நீண்டகால உழைப்புக்கு இதைவிட அத்தாட்சி உண்டா என்று கேட்கத் தோன்றும். அத்தனை காலமும் அதைப் போட்டுக்கொண்டு யாரும் நடக்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்தில் 'டார்ன் டஃப்' என்றொரு மேஜோட்டுக் கம்பெனி இருக்கிறது. ஓட்டை விழுந்தால் எத்தனை வருஷமானாலும் வேறு ஜோடி தருவதாக உறுதி சொல்கிறது. ஊசி நூலால் பொத்தலை அடைக்கும் டார்னிங்தான் அந்தப் பெயரில் விளையாடுகிறது. என் அம்மா ஃபியூஸ் போன குண்டு பல்பை மேஜோட்டுக்குள் விட்டு, அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டுவாள். அந்த வேலை இப்போது வீடுகளில் அநேகமாக இல்லை. ஆகையால் உறுதிமொழியைப் பாராட்டுகிறேன். ஆனால் அவர்கள் மாற்றித் தருவது மேஜோட்டை. குதிகாலை மாற்றித் தருவதாக எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை.

ஆகவே என் திருத்திய முடிவு இது. கம்பளியும் நைலானும் கலந்த மேஜோடு மலைக்கு நல்லதே; எனக்குத் தெரிந்தவற்றில் அதுதான் சிறந்தது. ஆனால் அதன் ஆயுளைப் பொத்தல் விழும் நாள் வரை என்று கணக்கிடக் கூடாது. வெளிச்சம் தெரியும் நாளோடு மலைக்கு அதன் உத்தியோகம் முடிந்தது, வீட்டில் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். உள்புறத்தை வெளியே திருப்பி, மண்ணை உதறி, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். பிளீச் கூடாது, அதோடு மேஜோட்டின் இழுவிசை போய்விடும். சர்க்கரைக்காரர்களுக்கு வெளிர் நிறமே உத்தமம். கறை உடனே கண்ணில் படும். நடந்து வந்த பிறகு, வலித்தாலும் வலிக்காவிட்டாலும், பாதத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிருது என்பது முதல் நாள் குணம். முதலில் போவதும் அதுதான். முதல் நாள் எழுதுகிறவன், எது போய்விடப் போகிறதோ அதைப் புகழ்ந்துவிட்டு, எது மிஞ்சப் போகிறதோ அதைப் பாராமலே விட்டுவிடுகிறான். நாவல்களுக்கு நான் எழுதிய மதிப்புரைகளிலும் இந்தத் தவற்றைப் பல தடவை செய்திருக்கிறேன். நாவலில் ஏமாந்தவருக்கு ஒரு சாயங்காலம்தான் நஷ்டம்.

அத்திம்பேர் மறுபடி நடக்கிறார். வெள்ளை மேஜோடு, கடற்கரைச் சாலை வரை மட்டும். அந்தப் பழைய ஜோடியை அக்கா தூக்கிப் போடவில்லை. தோய்த்து மடித்து என்னிடம் கொடுத்தாள். "எதையாவது நன்னா இருக்குன்னு எழுதறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை வெளிச்சத்துல பாத்துக்கோ" என்றாள்.

மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இதை எழுதுவதற்கு முன்பும் பார்த்தேன்.