கொந்தராத்து யாருக்கு?

‘யாலவிலை ஜீப் எல்லாம் பிரைவேற் ஆக்களின்ரை. சிறுத்தையைக் கண்டால் முட்டிமோதிக்கொண்டு நிக்கிறாங்கள். அரசாங்கம் ரிக்கற் மட்டும் விக்குது. இதுதான் தனியார்மயம்!’ ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் தேநீர் குடித்தபடி நண்பர் பொரிந்து தள்ளினார். ஊர் போய் வந்த சூடு. நானும் பழைய இடதுசாரிதான். ஆனால் தலையாட்ட முடியவில்லை.

தேசியப் பூங்காக்களில் தங்குமிடம், உணவு, வாகனம் முதலியவற்றைத் தனியாருக்குக் கொந்தராத்தில் விடுவது அமெரிக்காவில் நெடுங்கால வழக்கம். அதன் கேடுகள் நாம் அறிந்தவையே. யோசெமிட்டியில் கொந்தராத்தை இழந்த டெலவெயர் நோர்த் நிறுவனம், அங்குள்ள ‘ஆவானி’ ஹொட்டேலின் பெயர் தனது வணிகச்சின்னம், விலை தா என்று 2015இல் வழக்குத் தொடுத்தது. சொல்லோ அப்பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்ட பூர்வகுடிகளுடையது! 2016இல் பெயர்ப்பலகை மாறியது. 2019இல் 120 இலட்சம் டொலருக்கு இணக்கம் கண்ட பின்னரே பழைய பெயர் மீண்டது. அதில் பெரும்பங்கைக் கட்டியது புதிய கொந்தராத்துக்காரரான அராமார்க்.

அசிங்கமான சண்டைதான். ஆயினும் எழுதப்பட்ட ஒப்பந்தமொன்றை வைத்தல்லவா அது நடந்தது? நிபந்தனை இருந்தது, காலக்கெடு இருந்தது, நீதிமன்றம் இருந்தது. கொடுத்த தொகை எவ்வளவு என்பது ஈஸ்ட் ஹாமிலிருக்கும் எனக்கே தெரிகிறது.

வடக்குக்கு வருவோம். சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. (நெடுந்தீவும் மடு வீதியும் அதே ஆண்டில்தான் பூங்காக்களாயின.) இடையில், 2012இல், சுண்டிக்குளத்தில் உல்லாச விடுதி திறந்தது எந்தத் தனியார்? இராணுவம். அதற்குக் கேள்விப்பத்திரம் கோரினார்களா? அறைவாடகை எந்தக் கணக்கில் விழுந்தது? அங்குள்ள கடற்றொழிலாளி இவற்றை எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது? வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் சிப்பாய் பரிமாறும் இடத்துக்குப் பக்கத்தில், கடன்பட்டுச் சாப்பாட்டுக்கடை போடுபவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? யாலவின் ஜீப்காரரிடமாவது நண்பர் நேரே ஏசிவிட்டு வந்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் அவர் கோப்பையை வைத்துவிட்டு, ‘நீரும் மாறீட்டீர்’ என்றார்.

மாறவில்லை. அரசினுடையதெல்லாம் மக்களுடையது என்று எழுபதுகளில் நாம் மனப்பாடம் செய்த சமன்பாட்டைத்தான் சந்தேகிக்கிறேன். சுண்டிக்குளத்தின் படகுச்சவாரியும் சாப்பாட்டுக்கடையும், தமிழில் எழுதப்பட்டுப் பகிரங்கமாக ஒட்டப்பட்ட ஒரு கொந்தராத்தின்கீழ், அவ்வூர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு விடப்படுமானால் நான் எதிர்க்கமாட்டேன். எதிர்ப்பவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.