கடமையே துரோகமாகும் இடம்

மாஃபியாக்காரன் லெஃப்டிக்கு அழைப்பு வருகிறது. போனால் திரும்பி வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். கடிகாரம், மோதிரம், பணம் எல்லாவற்றையும் இழுப்பறையில் வைக்கிறான். மனைவியின் கண்ணில் படட்டும் என்று அதைச் சற்றே திறந்துவிட்டுக் கிளம்புகிறான். ‘டானி பிராஸ்கோ’ (1997) படத்தில் அல் பசீனோ நடித்த இந்தக் காட்சியில் போலீஸ் ஜெயித்த மகிழ்ச்சி யாருக்கும் வராது. லெஃப்டி மகனைப்போல் நம்பிய டானி உண்மையில் எஃப்.பி.ஐ. அதிகாரி. அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் இந்தச் சாவுக்குக் காரணம்.

அண்டர்கவர் போலீஸ் படங்களின் ஈர்ப்பு இதில்தான் இருக்கிறது. மாட்டிக்கொள்வானா என்ற பதற்றத்தை எந்தக் கொள்ளைப் படமும் தந்துவிடும். கடமையே துரோகமாகிற தவிப்பை இந்த வகைதான் தருகிறது.

அதன் உச்சம் ஹாங்காங்கில் எடுக்கப்பட்ட ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ (2002). கும்பலுக்குள் போலீஸ்காரன் யான். போலீசுக்குள் கும்பலின் ஆள் லாவ். ஒருவரை ஒருவர் அறியாமல் ஆடியோ கடையொன்றில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பழைய பாட்டுக் கேட்கிறார்கள். யான் யார் என்பது மேலதிகாரி வோங்குக்கு மட்டுமே தெரியும். மாடியிலிருந்து எறியப்பட்ட வோங் டாக்ஸியின் மேல் வந்து விழும்போது, யானின் கண்ணெதிரே அவனுடைய அடையாளமும் சாகிறது. மிஞ்சியிருந்த கணினிக் கோப்பையும் லாவ் அழித்துவிடுகிறான். யானாக நடித்த டோனி லியுங்கின் களைத்த கண்களில் பத்தாண்டுப் பொய்யின் பாரம் முழுதும் தெரியும். மார்ட்டின் ஸ்கார்செஸி இதையே ‘த டிபார்ட்டட்’ (2006) என்று எடுத்து ஆஸ்கர் வாங்கினார். அங்கே போலீசுக்குள் இருந்த கறுப்பு ஆடும் சுடப்பட்டுக் கணக்கு தீர்கிறது. மூலப்படம் லாவைப் பொய்யோடு வாழவிடுகிறது. அதுவே பெரிய தண்டனை.

இந்தத் தவிப்பில் பங்குகொள்ளப் பார்வையாளருக்கு முன்பே ரகசியம் தெரிந்திருக்க வேண்டும். பிரபுதேவாவின் ‘போக்கிரி’ (2007) நாயகன் போலீஸ் என்பதை நம்மிடமே நெடுநேரம் மறைத்தது. திருப்பத்துக்கு விசில் கிடைத்தது. இரட்டை வாழ்க்கையின் வலி திரைக்கு வரவே இல்லை.

ஆனால் இந்த வகையின் சோகத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது. நிஜ லெஃப்டி ருஜியேரோ அப்படிச் சாகவில்லை. 1981இல் எஃப்.பி.ஐ. முந்திக்கொண்டு அவரைக் கைது செய்தது. சிறையிருந்து வெளிவந்து 1994இல் புற்றுநோயால் இறந்தார். கண்ணீருக்காகப் படம் அவரைச் சாவுக்கு அனுப்புகிறது. இருபத்தாறு பேரைக் கொன்றதாகப் படத்தில் அவனே சொல்கிறான். அந்த இருபத்தாறு பேருக்காக நமக்குக் கண்ணீர் வருவதில்லை; அவர்களுக்குப் படத்தில் முகமே இல்லை.

பெண்களுக்கு நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரிது. யானின் முன்னாள் காதலி மகளோடு தெருவில் எதிர்ப்படுகிறாள். குழந்தைக்கு ஐந்து வயது என்கிறாள்; அவன் போனபின் ஆறு என்கிறது குழந்தை. ஒரு முழுப்படத்துக்கான துயரம் சில நொடிகளில் கடந்துபோகிறது. நிஜத்திலும் இது நடந்தது. பிரிட்டனில் அரசியல் குழுக்களுக்குள் ஊடுருவிய போலீஸ்காரர்கள் பொய்ப் பெயரில் பெண்களோடு ஆண்டுக்கணக்கில் உறவு வைத்திருந்தார்கள். 2015இல் லண்டன் பெருநகரக் காவல்துறை அப்படி ஏமாற்றப்பட்ட ஏழு பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது. பொய் சொன்னவனின் வேதனையைத் தேர்ந்த கலைஞர்கள் போதுமான அளவு எடுத்துவிட்டார்கள். அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்தியவளின் கண்வழியே, ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ தரத்தில் ஒரு படம் வர வேண்டும்.