இழிசனர் வழக்கும் கூழ்முட்டையும்

1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபு விவாதத்தைத் தோப்பூரிலிருந்து மீள நோக்குகையில் ஒரு சொல் எம்மை உறுத்துகின்றது. முற்போக்கு எழுத்தாளர் கையாண்ட பேச்சுமொழியை மரபுவாதிகள் ‘இழிசனர் வழக்கு’ என்றனர். வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது என்னும் தொல்காப்பிய நெறியே அவர்தம் ஆதாரம். புறநானூற்றில் ‘இழிசினன்’ எனப்படுவோன் கட்டில் பின்னுபவன், தண்ணுமை முழக்குபவன், அஃதாவது உழைப்பாளி. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுதவந்த கே. டானியல், டொமினிக் ஜீவா முதலியோர்மீது அச்சொல் விழுந்தபோது, நடைபற்றிய விவாதம் பிறப்புப்பற்றிய வசையாயிற்று. தோப்பூர் வயல்களிலும் மூதூர்த் துறையிலும் வழங்கும் தமிழும் அவ்வசைக்குத் தப்பியதன்று.

எம் அணியினர் செய்ததென்ன? 1963இல் யாழ்ப்பாணத்துச் சாகித்திய விழாவிற் கூழ்முட்டை எறியப்பட்டது. அதனை வீரமென மெச்சுவோர் உளர், யாம் உடன்படோம். இழிவுபடுத்தினோரின் ஆணவத்தையும் இழிவுற்றோரின் சினத்தையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பது உண்மையே. ஆயின், ஒரு கருத்தின் வர்க்கச் சார்பை வெளிப்படுத்துவதே விமர்சனம். கூறியவரின் சால்வையை நாறச் செய்வதன்று. அச்சூத்திரத்து ‘உயர்ந்தோர்’ யாவர், அவரை உயர்த்தியது எவருடைய உழைப்பு என்னும் வினாவே பண்டிதரைத் திணறச் செய்திருக்கும். கூழ்முட்டையோ விடைகூறும் பொறுப்பிலிருந்து அவர்களை விடுவித்துவிட்டது.