கண்டதும் கேட்டதும்: ஓர் அரண்மனைச் செயலரின் சாட்சியம்

உஸ்மானியக் கிலாஃபத்தின் இறுதிக் காலத்தை அறிய விழைவோர் தவிர்க்கவியலாத நூல்களுள் ஒன்று, அலீ ஃபுஆத் துர்க்கெல்தியின் நினைவுக் குறிப்புகள். சுல்தான் ஐந்தாம் முஹம்மது ரஷாத், அவர்தம் இளவல் ஆறாம் முஹம்மது வஹீதுத்தீன் ஆகிய இருவரிடமும் 1912 முதல் 1920 வரை அரண்மனைத் தலைமைச் செயலராகப் பணியாற்றியவர் இவர். பால்கன் போர், முதல் உலகப்போர், 1920 மார்ச்சில் இஸ்தான்புல் முறைப்படி ஆக்கிரமிக்கப்பட்டமை ஆகிய மூன்றும் அப்பணிக்காலத்துள் அடங்கும். ஆசிரியர் 1935இல் மறைந்தார். நூல் 1949இல் வெளிவந்தது.

'கண்டவையும் கேட்டவையும்' என்பதே நூற்பெயரின் பொருள். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இத்தலைப்பே ஓர் அளவுகோலைத் தந்துவிடுகிறது. கண்டது ஒரு தரம். கேட்டது வேறொரு தரம். இவ்வளவுகோலைக் கொண்டே நாம் இந்நூலை மதிப்பிட வேண்டும்.

1913 ஜனவரி 23 அன்று அன்வரும் அவருடைய தோழர்களும் தலைமை அமைச்சகத்துள் புகுந்தனர். போர் அமைச்சர் நாஸிம் பாஷா சுட்டுக் கொல்லப்பட்டார். படைத்தரப்பின் கோரிக்கையால் பதவி விலகுவதாகக் காமில் பாஷா எழுதினார். மக்களின் கோரிக்கையும் அதில் இடம்பெற வேண்டும் என வந்தோர் வற்புறுத்தினர். ஒரு சொல் சேர்ந்ததும் ஆயுதப் பறிப்பு மக்கள் விருப்பமாகிவிட்டது! ஆவணங்களோடு வாழ்ந்த ஒருவரின் கண்ணுக்கே இத்தகைய நுட்பம் புலப்படும். இவருக்கு முன் அதே பதவியில் இருந்த ஹாலித் ஸியா நாவலாசிரியர். அவருடைய அரண்மனை நினைவுகளில் மாந்தர் உயிர்பெற்று உலவுகின்றனர். துர்க்கெல்தியிடமோ தாள்கள் பேசுகின்றன.

எனினும், செயலரின் மேசைக்கு வாராதவை நூலுக்கும் வருவதில்லை. சனாக்கலேயில் மடிந்த படைவீரனும் அனதோலியாவின் பசித்த குடியானவனும் இங்கே குரலற்றவர்கள். ஆசிரியர் தாம் பணிசெய்த அவையின் மீது கொண்ட பற்றையும் வாசகர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நம் முன்னோர் கிலாஃபத் இயக்கத்தில் கண்ணீரோடும் காணிக்கையோடும் பங்கேற்றவர்கள். அவர்கள் நெஞ்சில் இருந்த கலீஃபா வல்லமை மிக்கவர். வரலாறு காட்டும் சுல்தான் ரஷாதோ, பிறர் எடுத்த முடிவுகளுக்கு ஒப்பமிட்டவர். 1914 அக்டோபர் 29 அன்று கருங்கடலில் ருஷ்யத் துறைமுகங்கள் தாக்கப்பட்டபோது அமைச்சர்கள் பலருக்கே அச்செய்தி முன்கூட்டித் தெரியாது. இரு வாரங்களில் கலீஃபாவின் பெயரால் ஜிஹாத் அறிவிக்கப்பட்டது. இவ்வுண்மை கசப்பதாயினும், பற்றின் பொருட்டு வரலாற்றை மறைப்பது பற்றுக்கும் நன்மை செய்யாது. அறிவிப்பாளரைத் துருவி ஆராயும் மரபில் வந்த நாம் இந்நூலை அந்த நேர்மையோடு பயிலுதல் தகும்.