பா. இரஞ்சித்தின் திரைமொழி: வேர்களும் தாக்கங்களும்

பா. இரஞ்சித் (பிறப்பு: டிசம்பர் 8, 1982) தமிழ்த் திரைப்பட இயக்குநர், தயாரிப்பாளர். பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுத்தபோதும் தான் சொல்ல விரும்பிய அரசியலைக் கைவிடாதவர். அந்த அரசியல் எப்போது கலையாகிறது, எப்போது வெறும் செய்தியாக நின்றுவிடுகிறது என்பதே அவரது படங்களை மதிப்பிடுவதில் முதன்மையான கேள்வி.

பின்புலம்

இரஞ்சித் திருவள்ளூர் மாவட்டம் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தார். ஆவடி முதல் கும்மிடிப்பூண்டி வரை வயலும் தொழிற்பேட்டையும் அடுத்தடுத்துக் கிடக்கும் மாவட்டம் இது. முழுக் கிராமமும் அல்லாத, நகரமும் ஆகாத இந்த வாழ்க்கைதான் 'அட்டகத்தி' (2012) படத்தின் களம். காதலில் தோற்றும் சோகத்தை வரவழைக்க முடியாமல் தவிக்கும் அதன் நாயகன், சினிமாக் காதலர்களைப் பார்த்து வளர்ந்த புறநகர் இளைஞன். தலித் வாழ்க்கையை அவலமாக மட்டும் காட்டாமல், சிரிப்பும் குறும்பும் நிறைந்ததாகக் காட்டியது இப்படத்தின் புதுமை.

தாக்கங்கள்

1850-இல் தொடங்கப்பட்ட சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் இரஞ்சித் ஓவியம் பயின்றார். கல்லூரி நாட்களில் திரைப்பட விழாக்களில் பார்த்த 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966), 'சிட்டி ஆஃப் காட்' (2002) ஆகியவை தம்மைப் பாதித்ததாகக் கூறியுள்ளார். இரண்டுமே ஒரு குடியிருப்பையே கதாபாத்திரமாக்கிய படங்கள். 'மெட்ராஸ்' (2014) படத்தில் வடசென்னைக் குடியிருப்பின் சுவரொன்று அந்த இடத்தைப் பெறுகிறது. 'காலா'வின் (2018) இறுதியில் கருப்பும் சிவப்பும் நீலமும் திரையை நிறைக்கும்போது ஓவிய மாணவரின் கண் வெளிப்படுகிறது.

இசையில் அவரது வேர் கானா. சாவு வீட்டில் பாடப்பட்டு வந்த இக்கலைக்கு 'மெட்ராஸ்' படத்தில் கானா பாலாவின் குரல் வழியே உரிய இடம் கிடைத்தது. சிந்தனையில் அம்பேத்கரும் அயோத்திதாசரும் முன்னோடிகள். அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்தே அவர் முன்னெடுத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் பெயர் பிறந்தது.

மதிப்பீடு

'கபாலி'யில் (2016) கோட்டு அணிவதன் அரசியலை நாயகன் வசனமாகவே விளக்குகிறார். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலன் இறுதிப் போட்டிக்கு நீல அங்கியில் வருகிறான். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முன்னதில் கருத்து கதையின் மேல் வைக்கப்பட்டது. பின்னதில் குத்துச்சண்டை, குடும்பம், அவமானம் ஆகியவற்றினூடே கதைக்குள்ளிருந்து எழுந்தது. மலேசியாவைவிட வடசென்னை அவருக்கு நெருக்கமான மண் என்பதும் இதற்குக் காரணம். வேர் ஆழமாக உள்ள இடத்தில் குறியீடு இயல்பாகிறது. தொலைவு கூடும்போது வசனம் பெருகுகிறது.

அவரது நீலம் புரொடக்‌ஷன்ஸ் 'பரியேறும் பெருமாள்' (2018), 'சேத்துமான்' போன்ற படங்களின் வழி புதிய இயக்குநர்களுக்கு வாய்ப்பளித்தது. அப்படங்கள் திருநெல்வேலி, கொங்கு வட்டாரங்களைச் சார்ந்தவை. தம் மண்ணிலிருந்து பேசும் உரிமையை மற்றவர்க்கும் திறந்துவிட்டதால், இரஞ்சித்தின் பங்களிப்பு அவர் இயக்கிய படங்களோடு முடிந்துவிடுவதில்லை.